சால்வையை மடித்து வையுங்கள், பெயரைச் சொல்லுங்கள்: சபையைத் தாங்கும் பாராட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் சபையில் 14 மின்விசிறிகள். அதில் 11-ன் இறக்கைகளில் பெயிண்டால் பெயர் எழுதியிருக்கும். 'இன்னாரின் நினைவாக, பிள்ளைகள் அன்பளிப்பு.' விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது, கரண்ட் போனால் தெரியும். கடலூரில் கரண்ட் போகாத ஞாயிறு உண்டா? பிரசங்கம் நீளும்போதெல்லாம் அண்ணாந்து படித்துப் படித்து 11 பெயரும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஸ்டூல் போட்டு ஏறி அந்த இறக்கைகளைத் துடைக்கிறவர் யார் என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. அப்போது நான் சபைச் செயலாளர்.

அந்தப் பொறுப்பில் 9 வருடம் இருந்தேன். இந்த வழிகாட்டியில் உள்ளதெல்லாம் அந்த 9 வருடத்தில் செய்த தவறுகளிலிருந்து வந்தது. 50, 100 குடும்பங்கள் உள்ள சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கப் பங்கு எதுவானாலும் பொருந்தும். பெயர்கள்தான் மாறும். சபையை நடத்தும் போதகரை நாங்கள் 'ஐயர்' என்போம், நீங்கள் 'பாஸ்டர்' என்பீர்கள், இன்னொருவர் 'ஃபாதர்' என்பார். விசிறி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு கதை. இல்லாவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அன்று ஊரில் விழாத மரம் குறைவு. மறுநாள் இரவு வருடக் கடைசி ஆராதனை. மத்தியானம் நான் கோயிலுக்குப் போனேன். வளாகத்தில் இருந்த பெரிய வேப்பமரம் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு பெரியவர் தனி ஆளாக அரிவாளும் கையுமாகக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது, எனக்குத் தெரியும். "நீங்க போங்க ஐயா, சாயங்காலத்துக்குள்ள வழி பண்ணிடறேன்" என்றார். பண்ணினார். இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறுபது எழுபது பேர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தோம்.

அடுத்த வாரம் ஒருவர் ஜெனரேட்டர் கொடுத்து உதவினார். ஜனவரிக் கூட்டத்தில் அவருக்கு நன்றித் தீர்மானம் போட்டு, சால்வையும் போட்டோம். தீர்மானத்தை எழுதியது நான்தான். மரம் வெட்டியவரைப் பற்றித் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. மறந்தேன் என்று சொல்வதும் சரியில்லை, அது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்தபோதுதான் அவர் வருவதில்லை என்று கவனித்தேன். வண்டிப்பாளையம் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை, டீ வாங்கி வரக் கிளம்பிவிட்டார். அவர் மனைவிதான் கேட்டார்: "ஏங்க, அந்த ஜெனரேட்டர் மரத்துக்கு மேலே பறந்தா உள்ள வந்துச்சு?"

எனக்குப் பதில் இல்லை. இப்போது அவர்கள் வேறு சபைக்குப் போகிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். உபதேச வித்தியாசத்தால் எங்கள் சபையை விட்டுப் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தாங்கள் இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று போனவர்களை எண்ண இரண்டு கையும் போதாது.

முதல் வேலை: நோட்டு வாங்குங்கள்

பாராட்ட வேண்டும் என்று முடிவு எடுத்ததும் எல்லோரும் செய்கிற முதல் தவறு, அடுத்த ஞாயிறே மைக்கைப் பிடிப்பது. வாயைத் திறக்க இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அதுவரை பார்க்கிற வேலை மட்டும்தான்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். யார், என்ன செய்தார், அதைச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். அதை எழுதும்போதுதான் வேலையின் எடை நமக்கே தெரியும்.

ஆராதனை எட்டரைக்கு என்றால் ஆறு மணிக்குப் போய் ஓர் ஓரமாக உட்காருங்கள். நான் போன முதல் ஞாயிறு பார்த்ததைச் சொல்கிறேன். ஆறே காலுக்கு, கோயிலைத் திறந்து சுத்தம் செய்கிற கோயில்பிள்ளை வந்தார். ஜன்னல்களைத் திறந்தார். பெஞ்சுகளுக்கு அடியில் காய்ந்து கிடந்த புறா எச்சத்தைப் பழைய காலண்டர் அட்டையால் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளிக்குழாயில் அலசிக் காயப் போட்டார். ஒரு பெஞ்சுக்கு மூன்று நிமிடம். எங்களிடம் 22 பெஞ்சுகள். ஏழு மணி வாக்கில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். பீடத்துப் பூச்சாடியில் அழுகிய தண்ணீரைக் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வீட்டிலிருந்து காகிதத்தில் சுருட்டி வந்த சம்பங்கியை வைத்தாள். ஏழரைக்கு ஒருவர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மோடு நேரே வந்தார். மைக் ஒயரில் பிரிந்திருந்த இடத்துக்கு டேப் சுற்றி, "ஒன்று இரண்டு மூன்று" சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு ஆராதனைக்குத் திரும்பி வந்தார்.

பிறகு விசாரித்தேன். ஆறு வருடமாக இப்படித்தானாம். அந்த ஆறு வருடத்தில் கமிட்டியில் மைக் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். எல்லாமே 'மைக் சரியில்லை' என்பதுதான்.

இரண்டு எச்சரிக்கை. நோட்டு எழுதுவதை ஒருவரிடமும் சொல்லாதீர்கள். தெரிந்தால் சிலர் நோட்டுக்காகவே துடைப்பம் எடுப்பார்கள். அப்புறம், ஆண் ஒருவர் மட்டும் எழுதினால் பாதி சபை கண்ணில் படாது. அன்பின் விருந்துக்குப் பின்னால் அண்டா தேய்ப்பது யார், திருவிருந்துத் துணியைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வது யார், பிரசவம் ஆன வீட்டுக்குப் பத்து நாள் ரசம் கொண்டுபோனது யார் என்பதெல்லாம் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிற ஒரு அக்காவுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் இரண்டு நோட்டு எழுதுங்கள்.

ஞாயிறு மட்டும் போதாது. அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு ஃப்ளாஸ்க்கில் கஞ்சி எடுத்துப் போகிறவர், நடக்க முடியாத பாட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து மீட்டர் காசு வாங்காதவர், எல்லாரும் நோட்டுக்குள் வர வேண்டும்.

இரண்டாவது: பொய்ப் பாராட்டைக் குறையுங்கள்

பிரசங்கி 3-ல் சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. எங்கள் சபையில் சால்வைக்கு மட்டும் எல்லாமே காலம்தான். பிறந்தநாள், பதவி ஏற்பு, பதவி இறக்கம், வெளியூர்ப் பிரமுகர் வந்தால், வராவிட்டால் அவர் தம்பிக்கு. ஒரே சால்வை மூன்று பேர் தோளுக்குப் போய்த் திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையால் அடையாளம் தெரிந்தது.

தமிழில் துதிக்கும் முகஸ்துதிக்கும் நடுவே ஒரு 'முகம்' மட்டும்தான் வித்தியாசம். எந்த முகம் என்று பார்த்து, அதற்கேற்றபடி சொல்வது முகஸ்துதி. பிறனை முகஸ்துதி செய்கிறவன் அவன் கால்களுக்கு வலை விரிக்கிறான் என்று நீதிமொழிகள் 29:5 சொல்கிறது. யாக்கோபு 2-ம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் கந்தை கட்டியவருக்குப் பாதபடி அருகே தரையும் கொடுத்த சபையைப் பார்க்கிறோம். அந்தச் சபைக்கு விசிறி கிடையாது. இருந்திருந்தால் பெயர் எழுதியிருப்பார்கள்.

இதை ஒரே நாளில் ஒழிக்கப் போகாதீர்கள். நான் போனேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய பெயர்களை அழிக்க வேண்டும் என்று கமிட்டியில் பேசியதும், தன் அப்பா பெயர் எழுதிய விசிறிக்கு அடியிலேயே 20 வருடமாக உட்காருகிற ஓர் அம்மா அழுதுவிட்டார். அவருக்கு அது அப்பாவின் பக்கத்தில் உட்காருவது மாதிரி. அது எனக்கு உறைக்கவில்லை. எனவே பழையது இருக்கட்டும். இனிமேல் வருகிற பொருளில் பெயர் வேண்டாம் என்று ஒரு தீர்மானம் போதும். யார் என்ன கொடுத்தார் என்பதைக் காணிக்கைப் பதிவேட்டில் முறையாக எழுதி, ரசீது கொடுங்கள். சால்வையை ஐயர் வருகை, ஐயர் மாற்றல் என்ற இரண்டு சமயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் குளிர்காலத்தில் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். நாங்கள் 2015 வெள்ளத்தின்போது அலமாரியைத் திறந்து பார்த்தோம், நல்ல சால்வைகளாகவே 30-க்கு மேல் இருந்தன. அன்றைக்குத்தான் அவை யாருக்காவது உபயோகப்பட்டன.

மூன்றாவது: எப்படிச் சொல்வது

இதற்கு ரோமர் 16-ம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. நாமெல்லாம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போகிற அதிகாரம் அது. நிதானமாகப் படித்துப் பாருங்கள். பவுல் 'எல்லாருக்கும் நன்றி' என்று முடித்துக்கொள்ளவில்லை. பெபேயாள் பலருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவள் என்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்கிறார். மரியாளைப் பற்றி ஒரே வரி, மிகவும் பிரயாசப்பட்டவள். ரூபுவின் தாய் தனக்கும் தாய் என்கிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதின தெர்தியு கூட 22-ம் வசனத்தில் தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். கடிதம் எழுதிக் கொடுத்தவருக்கும் அங்கே இடம் இருக்கிறது. செயலாளராக இருந்த எனக்கு அந்த வசனத்தின் மேல் தனிப் பிரியம்.

இதிலிருந்து எடுக்க வேண்டிய முறை எளிது. பெயர், செய்த வேலை, அதனால் யாருக்கு என்ன ஆனது. மூன்றும் நோட்டிலேயே இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

பாடகர் குழுவில் ஒரு தம்பியிடம் "சூப்பரா பாடினப்பா" என்றால் அவன் சிரித்துவிட்டுப் போவான், அவ்வளவுதான். "தம்பி, மூணாவது சரணத்துல எல்லாரும் சுருதி இறங்கினப்போ நீ தனியா பிடிச்சு நிறுத்தின. அதுக்கப்புறம்தான் பின் பெஞ்சு பாட ஆரம்பிச்சுது" என்று சொல்லிப் பாருங்கள். அவன் முகம் மாறும். அவன் காதில் விழுவது 'இவர் கேட்டுக்கொண்டிருந்தார்' என்பது. அடுத்த வாரம் ரிகர்சலுக்குச் சீக்கிரம் வருவான்.

குணத்தைத் தூக்கி வைத்துப் பேசாதீர்கள். 'நீங்க ஒரு தேவதூதன் ஐயா' என்று சொன்னால் அவர் அடுத்த தடவை கோபப்படும்போது அந்தத் தேவதூதன் கீழே விழுவான், விழுந்த சத்தம் சபை முழுக்கக் கேட்கும். செய்ததைச் சொல்லுங்கள். நடந்தது நடந்ததுதான், அதை யாரும் மறுக்க முடியாது. மாற்கு 14-ல் பரிமளதைலம் ஊற்றிய பெண்ணை எல்லாரும் கடிந்துகொண்டபோது இயேசு சொன்னதும் இதே தினுசுதான், இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள் என்றார். அதில் மிகை இல்லை, குறையும் இல்லை.

முறை வைத்துக் கூப்பிடுங்கள். கோயில்பிள்ளையை நாங்கள் பல வருடம் 'யோவ்', 'ஏம்பா' என்று கூப்பிட்டோம். வயதில் என்னைவிட மூத்தவர். அவரை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தது எந்தச் சால்வையையும்விட அவருக்குப் பெரிதாக இருந்தது என்று பின்னால் அவர் மகன் சொன்னான். வாயார ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு அடுத்த நிமிடம் 'ஏம்பா, சேரை எடு' என்றால் முன்னால் சொன்னது கரைந்துவிடும்.

நான்காவது: எங்கே, எப்போது

ஒளவையார் பெயரில் ஒரு தனிப்பாட்டு உண்டு. யாரை எங்கே புகழ வேண்டும் என்று அதில் வரும். நண்பரை அவர் இல்லாத இடத்தில், ஆசிரியரை எல்லா இடத்திலும், பிள்ளைகளை நெஞ்சுக்குள், வேலைக்காரரை வேலை முடிந்த பிறகு. மனைவியை எங்கே புகழச் சொன்னார் என்பது இந்த வழிகாட்டிக்குத் தேவையில்லை, தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நண்பரை அவர் இல்லாத இடத்தில் என்பதைத்தான் சபைகள் தலைகீழாகச் செய்கின்றன. எதிரில் புகழ்வது, வாசல் தாண்டியதும் குறை பேசுவது. மாற்றிச் செய்து பாருங்கள். பூச்சாடி வைக்கிற பெண்ணைப் பற்றி அவள் அம்மாவிடம், அத்தையிடம் சொல்லுங்கள். அது சுற்றி வந்து அவளைச் சேரும்போது அதன் மதிப்பு இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணை மேடையில் ஒரு ஆண் நிர்வாகி புகழ்ந்தால் நம் ஊரில் அதற்கு வேறு பேச்சு கிளம்பும். பெண்கள் ஐக்கியத் தலைவி சொல்லட்டும், அல்லது ஐயரின் மனைவி, ஐயரம்மா.

பிள்ளைகளை நெஞ்சுக்குள் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கண் பட்டுவிடும் என்று பிள்ளையைப் புகழாமல் வளர்த்த சமூகம் நாம். கிறிஸ்தவர்கள் திருஷ்டிப் பூசணி உடைப்பதில்லை, சரி. ஆனால் அந்தப் பயம் 'பெருமை வந்துடும்' என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு சபைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருடா வருடம் அதே மூன்று பிள்ளைகளுக்குப் பரிசு. மிச்சப் பேர் 12, 13 வயதில் வெளியே நின்று கிரிக்கெட் பார்க்கிறார்கள். திக்கித் திக்கி ஒரே வசனம் சொன்ன பையனிடம், 'போன வாரம் பாதியில நின்ன, இந்த வாரம் முடிச்சுட்ட' என்று சொல்ல ஐந்து வினாடி போதும்.

வேலைக்காரரை வேலை முடிவில் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலம் முடிந்து, பலாப்பழமும் முந்திரியும் யார் யார் வீட்டுக்கோ போன பிறகு, பந்தல் பிரிக்கிற இளைஞர்கள் சாக்கடை ஓரம் வியர்வையோடு நிற்பார்கள். பாராட்ட வேண்டிய நேரம் அதுதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் அவர்கள் காதுக்கு அது போய்ச் சேராது. டீயும் வடையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

மேடையில் சொல்வதென்றால் அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடம், வாரத்துக்கு ஒருவர். அதற்கு மேல் வேண்டாம். முந்தின நாளே அவரிடம் கேட்டுவிடுங்கள். சிலருக்கு மேடையில் பெயர் வருவது தண்டனை. மைக் அண்ணனிடம் கேட்டபோது, "சொன்னீங்கன்னா நான் அடுத்த வாரத்துல இருந்து வரமாட்டேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் ஐயரே அவர் வீட்டைத் தேடிப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தார். கூடவே நல்ல ஒயர் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தோம். 'இனிமே டேப் சுத்த வேண்டாம்ல' என்று சிரித்தார். அவருக்கு வேண்டியிருந்த பாராட்டு அந்த ஒயர்.

நன்றிப் பட்டியல் படிப்பதை நிறுத்துங்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், இதில்தான் எல்லாச் செயலாளர்களும் மாட்டுவது. கிறிஸ்துமஸ் முடிந்து 40 பெயர் படிப்போம். அந்த 40 பேருக்கும் ஒன்றும் ஆகாது. விடுபட்ட 41-வது ஆள் ஒரு வருடம் பேசமாட்டார். பட்டியல் நீள நீள விடுபட்டவரின் வலி கூடும். ஐந்து பேரில் இல்லாவிட்டால் பரவாயில்லை, நாற்பது பேரிலும் இல்லை என்றால்? பெயரே சொல்லாமல் பொதுவாக ஒரு வரி நன்றி சொல்லிவிட்டு, ஒவ்வொருவரையும் அந்தந்த வாரத்தில் நேரில் பார்ப்பதே நல்லது. எழுத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால் நோட்டைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கை கூப்பும் பொம்மை போடுவதைப் பாராட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குறை சொல்ல வேண்டியிருந்தால்

பாராட்ட ஆரம்பித்ததும் சில சபைகள் குறையே சொல்லாமல் நிறுத்திவிடுகின்றன. அதுவும் கெடுதல். வெளிப்படுத்தல் 2, 3-ம் அதிகாரங்களில் ஏழு சபைகளுக்கு நிருபங்கள் இருக்கின்றன. எபேசு சபைக்கு அவர்கள் கிரியை, பிரயாசம், பொறுமை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதற்குப் பிறகுதான் குறை வருகிறது. லவோதிக்கேயாவுக்கு ஒரு பாராட்டும் கிடையாது. இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 11-ல் பவுல் இரண்டாம் வசனத்தில் புகழ்கிறார், பதினேழாம் வசனத்தில் புகழமாட்டேன் என்கிறார். ஏழைகள் பசியோடு இருக்க மற்றவர்கள் விருந்து சாப்பிட்ட சபை அது. பதினேழாம் வசனம் இருப்பதால்தான் இரண்டாம் வசனத்தை அவர்கள் நம்பியிருப்பார்கள்.

ஆனால் திட்டுவதற்கு முன்னால் தேன் தடவுகிற வேலை வேண்டாம். 'நல்லாத்தான் செய்யறீங்க, ஆனா...' என்று ஆரம்பித்தால், இரண்டே மாதத்தில் ஜனங்கள் பாராட்டு வரும்போதே 'ஆனா'வுக்குக் காத்திருப்பார்கள். பாராட்டு ஒரு நாள், குறை வேறொரு நாள். அதோடு குறை என்றால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு.

ஐயருக்கும் வேண்டும்

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது 'பிரசங்கம் நல்லா இருந்துச்சு ஐயா' என்று எல்லாரும் சொல்வோம். பாதிப் பேர் தூங்கியிருப்போம், அது மேலிருந்து அவருக்கும் தெரியும். அதற்குப் பதில் எந்த வார்த்தை மனதில் நின்றது என்று ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்றும் நிற்கவில்லை என்றால் கைகுலுக்கிவிட்டுப் போங்கள், குற்றமில்லை.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு நடக்கிற பிரிவு உபசாரத்தில் மூன்று மணி நேரம் புகழ்வோம். ஒரு ஐயர் என்னிடம் சொன்னார், "இதுல ஒருத்தர் ரெண்டாவது வருஷம் பேசியிருந்தா நான் மாற்றலே கேட்டிருக்க மாட்டேன்." ஐயரம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சம்பளம் இல்லாத வேலை, மேடையில் ஒரு வரி, 'அவர்தம் துணைவியாரும்'.

பழைய கதையும் இப்படித்தான். இந்த ஊருக்கு வந்து போன மிஷனெரிகளை நமக்குத் தெரியும். 1740-ல் கடலூர் வந்து, 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கல்கத்தா போன கீர்நாந்தர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இந்தியப் புராட்டஸ்டண்டுகளில் முதன்முதலில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், 1733-ல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்றவர், கடலூர்க்காரர். ஞாயிறு பள்ளியில் கேட்டுப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் கை தூக்குகிறார்கள் என்று. நான் கேட்டபோது ஒரு கைகூட இல்லை. நம் ஊர்ப் பெயரை நாமே சொல்லவில்லை என்றால் யார் சொல்வது?

வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும்

பாராட்டினால் நம்மவர்கள் உடனே சொல்வது 'எல்லா மகிமையும் கர்த்தருக்கே'. சரிதான். ஆனால் சில பேர் அதை ஒரு குடை மாதிரிப் பிடிக்கிறார்கள், மேலே ஒரு துளி விழாதபடி. சொன்னவருக்குச் சப்பென்று ஆகிவிடும். 'சந்தோஷம் அண்ணே' என்று முதலில் வாங்கிக்கொண்டு, அப்புறம் கர்த்தருக்கு மகிமை செலுத்தினால் இரண்டும் கெடாது. புகழ்ச்சி ஒருவனைச் சோதிக்கிறது, வெள்ளிக்குக் குகை மாதிரி, பொன்னுக்குப் புடம் மாதிரி என்று நீதிமொழிகள் 27:21 சொல்கிறது. சோதனை என்றால் ஓடி ஒளிய வேண்டியதில்லை, தேறி வர வேண்டும்.

கடைசி வேலை: நோட்டைத் துதிக்குள் கொண்டுவருவது

இதைக் கடைசியில் வைத்தாலும் எல்லாவற்றுக்கும் இதுதான் ஊற்று. துதி நேரத்தில் நம் வாயில் வருவது பெரும்பாலும் 'நல்லவரே, வல்லவரே, ஸ்தோத்திரம்'. மனிதரிடம் 'சூப்பர்' என்று சொல்கிற அதே சோம்பல்தான் இது. 136-ம் சங்கீதத்தைப் பாருங்கள். 26 வசனத்திலும் அவர் கிருபை என்றுமுள்ளது என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதற்கு முன் பாதி வெவ்வேறு. சூரியன், சந்திரன், எகிப்து, செங்கடல், வனாந்தரம், சீகோன், ஓக் என்ற ராஜாக்கள். பார்த்துப் பார்த்துச் சொன்ன துதி.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஜெபத்தில் நோட்டிலிருந்து நான்கைந்து காரியங்களை, வேலையை மட்டும் சொல்லி நன்றி செலுத்துவோம். 'ஆண்டவரே, இந்த மாதம் பெஞ்சுகள் சுத்தமாக இருந்ததற்காக. நடக்க முடியாத எங்கள் பாட்டி நான்கு வாரமும் திருவிருந்தில் சேர ஆட்டோ வந்ததற்காக.' மேடையில் பெயர் வேண்டாம் என்றவர்களுக்கும் இதில் இடம் உண்டு. செய்தவருக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும். முதல் தடவை இப்படி ஜெபித்தபோது பின்னாலிருந்து ஒரு 'ஆமென்' கொஞ்சம் சத்தமாகவே வந்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஆட்களை எண்ணாதீர்கள், எண்ணிக்கை ஏறினால் அது கிறிஸ்துமஸ் சமயமாக இருக்கும். வேறு ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் இன்னொருவரின் வேலையைப் பற்றித் தானாகப் பேசுகிறாரா, ஆராதனை முடிந்ததும் சேர் மடிக்க இரண்டு கை கூடுதலாக வருகிறதா, 'அவர் ரெண்டு வாரமா காணோமே' என்று கேட்கிற குரல் செயலாளருடையதாக இல்லாமல் வேறு யாருடையதாகவாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கமிட்டி மாறும்போது சாவி, முத்திரை, வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றோடும் நோட்டையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். நான் ஒப்படைத்தபோது புதுச் செயலாளர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

"விசிறி துடைக்கிறது இவரா?" என்றார்.